1095 மாத்திரையும் கமர்கட்டு மருந்தும்



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பக்கம் என் பங்கு. "கிரகணம் பத்தி எழுதேன், படம் வரைய நல்லா இருக்கும்" என்று டீச்சர் சொன்னார்கள். "எங்க வீட்டுக்குள்ளயே ஒன்பது மாசமா ஒரு அறிவியல் நடந்துக்கிட்டு இருக்கு டீச்சர், அதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். உங்க அம்மாகிட்ட கேட்டுட்டு எழுது என்றார்கள். கேட்டேன். "எழுது பாப்பா. ஆளாளுக்கு ஒண்ணு பேசுறதுக்கு நீயே சரியா எழுதிப்புடு" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மூன்று சார்ட்டு ஒட்டியிருக்கேன். இடைவேளையில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று என்று படிச்சாலும் போதும்.

எங்க அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். டி.பி. என்றால் நெஞ்சில்தான் வரும், இருமிக்கிட்டே இருப்பாங்க என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மா ஒரு நாள்கூட இருமவில்லை. சின்ன வெங்காயம் களை எடுக்கப் போய்விட்டு வந்தால் முதுகு வலிக்குது என்பார்கள். குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்றவளுக்கு முதுகு வலிக்காம பின்ன என்ன வலிக்கும் என்று அப்பாயி தைலம் தேய்த்து விடுவாங்க. ஒரு இடத்தில் வலி ஊசி போட்டார்கள். இன்னொரு இடத்தில் எண்ணெய்க் கட்டு போட்டார்கள். ஐந்து மாதம் இப்படியே போச்சு. சாயந்திரம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். ரவிக்கை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. ஒருநாள் தலைக்குத் தண்ணி ஊத்தும்போது நடுமுதுகில் ஒரு எலும்பு மட்டும் முண்டு மாதிரி துருத்திக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசியால் சீழ் எடுத்துச் சோதனை எல்லாம். அப்போது அம்மாவின் எடை 42 கிலோ.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பாட்ஸ் ஸ்பைன்' என்று போட்டிருந்தது. நான் இங்கிலீஷ் அகராதியைப் பார்த்து, பாட் என்றால் பானை, தண்ணிக்குடம் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆயிருச்சு என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லி, அப்பாவையும் குடம் தூக்க வைத்துவிட்டேன். டீச்சரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்கள். பாட் என்பது ஒரு ஆளின் பெயராம்! பெர்சிவல் பாட் என்ற லண்டன் டாக்டர் 1779-ல் இந்த நோயைப் பற்றி விவரமாக எழுதினார். நோய் அவருக்கும் ரொம்ப முந்தியது. 3000 வருடத்துக்கு முந்தைய எகிப்து மம்மிகளின் முதுகெலும்பில்கூட இதன் தடயம் இருக்கிறது. கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ராபர்ட் காக், 1882 மார்ச் 24-ல். (அப்பா இப்பவும் குடம் தூக்குறாங்க. நான் திருத்தவில்லை.)

கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து எலும்புக்குப் போய்த் தங்கிவிடுகிறது. முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டை மாதிரி. கிருமி பெரும்பாலும் கட்டையின் முன்பக்கத்தை அரிக்கும். முன்பக்கம் கரைந்தால் கட்டை முன்னால் சாய்கிறது, பின்னால் கூன் விழுகிறது. உள்ளே சீழ் கட்டி நரம்பை அழுத்தினால் கால் வராமல் போய்விடலாம். அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எலும்புக்குள் அடைந்து கிடக்கும் காசநோய் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. நுரையீரலிலும் இருந்து இருமினால்தான் காற்று வழியாகப் பரவும். அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே, சளிச் சோதனை இரண்டும் எடுத்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்க வகுப்பில் ஒரு தோழி நாலு மாதமாக என் தண்ணி பாட்டிலைத் தொடுவதில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படித்தால் போதும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் ஒரே மாத்திரைக்குள் நாலு மருந்து: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். அப்புறம் பைரசினமைடு போய் மூன்று மருந்து. அம்மா எடைக்கு ஒரு நாளைக்கு 3 மாத்திரை. எலும்பு என்பதால் 12 மாதம். 365-ஐ 3-ஆல் பெருக்கினால் 1095. அரசு இலவசமாகவே கொடுக்கிறது. சத்தாகச் சாப்பிட மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். ஆனால் விழுங்குவது அம்மாதானே. காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு காட்டுக்குப் போனால் குமட்டுமாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் (அது ரிஃபாம்பிசினின் நிறம்தான், ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம் என்று நர்ஸம்மா சொன்னாங்க).

தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும் முன்னால் அதில் டிக் போடுவது என் வேலை. மூன்றாவது மாதம் முடிந்தபோது அம்மாவுக்கு வலி நன்றாகக் குறைந்துவிட்டது. எடையும் ஏறியது. நானும் நூறு டிக்குக்கு மேல் போட்டுவிட்டேன். ஒருநாள் ஊசி நூல் தேடும்போது பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மாத்திரை. கீழே கொட்டி எண்ணினேன். 18. அதாவது 6 நாள். என் டிக்கில் ஆறு பொய்.

அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. "வலி போயிருச்சு பாப்பா. காட்டுல போயி வாந்தி எடுத்தா கூட வேலை செய்றவங்க என்னன்னு கேக்குறாங்க. ஏன், வெங்காயத்துக்கு அடியுரம் ஒரு தடவை போட்டுட்டு விடுறோம்ல, அது மாதிரி ஒரே தடவையா போட்டுட்டு விடுற மருந்து ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்கள்.

நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவங்களும் திட்டவில்லை. குமட்டலுக்கு டாக்டர் வேறு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். அது ஒரு வழியாகச் சரியானது. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

முதலில், ஏன் தினமும்? காலையில் போட்ட ஐசோனியசிட் சிலர் உடம்பில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், சிலருக்கு மூன்று நாலு மணி நேரம் ஆகும். ராத்திரிக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். அதனால் மறுநாள் மறுபடி. சரி, ஏன் இத்தனை மாதம்? காசநோய்க் கிருமி ஒரு சோம்பேறி. நம் குடலில் இருக்கும் சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். அது வளரும்போதுதான் மருந்து அதை நன்றாகப் பிடிக்கும். தூங்கிக் கிடக்கும் கிருமி மருந்து போகும்வரை காத்திருந்து பிறகு எழுந்திரிக்கும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அசராத கிருமிகள் மிஞ்சி, அவை மட்டும் பெருகிவிடும். அம்மாவின் 6 நாள் எனக்கு ஏன் அவ்வளவு பயத்தைக் கொடுத்தது என்று இப்போது புரியுதா?

எலும்பு என்றால் இன்னும் ஒரு தொல்லை. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகும். நோய் தின்ற இடத்தில் எலும்பு செத்துக் கிடக்கும். செத்த எலும்பில் ரத்தக்குழாய் ஏது? சுற்றிச் சீழ், அதைச் சுற்றி இறுகிப்போன எலும்புச் சுவர். கடைமடை வயல் மாதிரி. மதகில் எவ்வளவு திறந்தாலும் அங்கே வருவது சொட்டுதான்.

இந்த இடத்தில் நம்ம சென்னை வருகிறது. காசநோய்க்கு அந்தக் காலத்தில் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையமே இருக்கிறதே, அந்தச் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள்! நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு எல்லாம் இருந்தும். உலகத்தில் காசநோய்க்காரர்களைப் படுக்கையில் அடைத்து வைப்பது குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். எங்க அம்மா வீட்டிலேயே இருந்து என் தலையைப் பின்னிவிடுவதற்கும் அதுதான் காரணம்.

அந்த ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டால் விழுங்குவார்களா என்று அவர்களுக்கும் சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஆக, பவுடர் டப்பா அப்போதும் இருந்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

அதே மையத்தார் முதுகெலும்புக் காசநோயையும் ஆராய்ந்தார்கள். ஆபரேஷன் செய்து மாத்திரை, ஆபரேஷன் இல்லாமல் நடமாடிக்கொண்டே மாத்திரை என்று பிரித்துப் பார்த்தார்கள். 1999-ல் பத்து வருட முடிவு வந்தது. நடமாடிக்கொண்டே 6 மாதம் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 94 பேரும், 9 மாதம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 99 பேரும் நல்ல நிலையில் இருந்தார்கள். "அப்ப எனக்கு மட்டும் ஏன் பன்னெண்டு?" என்று அம்மா கேட்டாங்க. எலும்புக்குள் கிருமி செத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துச் சொல்வது கஷ்டம், அதனால் கொஞ்சம் கூட்டியே கொடுக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார்.

ஐசோனியசிட்டை உடம்பு சீக்கிரம் தள்ளிவிடுகிறதே, மெதுவாக வெளிவரும் மாதிரி மாத்திரை செய்தால் என்ன, அது எந்த வேகத்தில் வெளிவர வேண்டும் என்றுகூட அந்த மையத்தார் ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அதன் கட்டுரை 1976-ல் வந்தது. அதாவது அம்மா கேட்ட கேள்வியின் முதல் பாதியை 50 வருடத்துக்கு முன்னாலேயே சேத்துப்பட்டில் கேட்டுவிட்டார்கள்.

இப்போ கமர்கட்டு. தேங்காயும் வெல்லமும் பாகு காய்ச்சி உருட்டியது, கடையில் எல்லோரும் வாங்குவோமே அதுதான். ஒரு கமர்கட்டை அம்மியில் தட்டித் தூளாக்கினேன். ஒன்றை நாலாக உடைத்தேன். ஒன்றை முழுசாக விட்டேன். மூன்று டம்ளர் தண்ணியில் தனித்தனியாகப் போட்டு, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தூள் சீக்கிரமே கரைந்து தண்ணி பழுப்பாகிவிட்டது. நாலாக உடைத்தது அதைவிட நேரம் பிடித்தது. முழுசு இருந்த டம்ளரில், அப்பாயி மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து பார்க்கும்போதும் ஒரு கட்டி மிச்சம். மூன்றிலும் வெல்லம் ஒரே அளவுதான். ஆனால் தண்ணிக்குக் கிடைத்த வேகம் வேறு. தண்ணி படுகிற மேற்பரப்பு அதிகமானால் சீக்கிரம் கரைகிறது. (தம்பி நாலாவதாக ஒன்றை வாயில் போட்டுச் சோதனை செய்தான். முடிவைச் சொல்லவில்லை.)

வெல்லத்துக்குப் பதில் மெதுவாகக் கரையும் ஒரு பொருள், தேங்காய்க்குப் பதில் மருந்து, அளவு மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மைக்ரோஸ்பியர், தமிழில் நுண்ணுருண்டை. நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கி அதில் 70 பங்கு. இந்த உருண்டைகள் பலவும் 10-லிருந்து 100 மைக்ரான்தான்.

கரையும் பொருளுக்குப் பெயர் பி.எல்.ஜி.ஏ. பெயர்தான் பயமுறுத்துகிறது. தயிரைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். கரும்புச் சாற்றில் கொஞ்சம் இருப்பது கிளைகாலிக் அமிலம். இந்த இரண்டின் அணுக்கூட்டங்களையும் மணி கோத்த மாதிரி நீளச் சங்கிலியாகக் கோத்தால் ஒரு பிளாஸ்டிக் கிடைக்கும். உடம்பில் இருக்கும் தண்ணி அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக அறுத்து மறுபடி அந்த அமிலங்களாகவே ஆக்கிவிடும். கடைசியில் அது தண்ணியும் கரியமில வாயுவுமாக வெளியே போய்விடும். ஆபரேஷனில் 'தானா கரையுற தையல்' போடுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். லாக்டிக் பங்கைக் கூட்டினால் மெதுவாகக் கரையும். பாதிக்குப் பாதி வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும். இதை நாம் தீர்மானிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

செய்யும் விதம் மோர் கடைவது மாதிரி. பி.எல்.ஜி.ஏ.-யையும் மருந்தையும் சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவத்தில் கரைத்து, அதைத் தண்ணியில் ஊற்றி வேகமாகக் கலக்குவார்கள். தண்ணியில் எண்ணெயை ஊற்றிக் கடைந்தால் பொடிப்பொடிச் சொட்டாகப் பிரியுமே, அப்படிப் பிரியும். திரவம் ஆவியானதும் ஒவ்வொரு சொட்டும் கெட்டி உருண்டையாகிவிடும், மருந்தை உள்ளே பிடித்துக்கொண்டு. வேகமாகக் கடைந்தால் சின்ன உருண்டை, மெதுவாகக் கடைந்தால் பெரியது.

உடம்புக்குள் போனதும் முதல்நாள் உருண்டையின் மேலே ஒட்டியிருக்கும் மருந்தெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்துவிடும். ஜீனி மிட்டாயில் மேலே தூவிய ஜீனி முதலில் கரைவது மாதிரி. இது ஒரு குறைதான், அதிகமாக வந்தால் கெடுதல். அப்புறம் சின்னச் சின்னத் துளை வழியாக மருந்து கசியும். கடைசியில் உருண்டையே இற்றுப்போய் மீதியும் வெளிவரும்.

இந்த உருண்டையைக் காசநோய்க்குச் செய்து பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. என்ற பெரிய மருத்துவ நிறுவனத்தில் ஜி.கே. குல்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஐசோனியசிட்டையும் ரிஃபாம்பிசினையும் இப்படி உருண்டைக்குள் வைத்து, எலிகளுக்குத் தோலுக்கடியில் ஒரே ஒரு ஊசி போட்டது. வாரக்கணக்கில் ரத்தத்தில் மருந்து இருந்தது. 2001-ல் இதை வெளியிட்டார்கள். ஒரு தடவை போட்டுட்டு விடுறது! படித்ததும் நான் அம்மாவிடம் ஓடப் பார்த்தேன். டீச்சர்தான், "முதல்ல ஒரு கணக்குப் போட்டுட்டுப் போ" என்று நிறுத்தினார்கள்.

கணக்கு இதுதான். அம்மாவின் ஒரு மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம். மூன்றுக்கு 450. முப்பது நாளைக்கு 13,500 மில்லிகிராம், அதாவது பதிமூன்றரை கிராம். உருண்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் மருந்து என்று வைத்தால் மொத்த உருண்டை அறுபத்தேழரை கிராம். ஒரு கோழிமுட்டையைவிட அதிக எடை! இதில் ரிஃபாம்பிசின் மட்டும்தான் சேர்த்தி. யாருக்கு இவ்வளவையும் ஊசியாகப் போட முடியும்? 1989-ல் அமெரிக்காவில் ஒரு வகைப் புற்றுநோய்க்கு இதே மாதிரி உருண்டை ஊசி அனுமதிக்கப்பட்டது, மாதத்துக்கு ஒன்று. அது எப்படி முடிந்தது என்றால் அந்த மருந்து மாதத்துக்கே 7.5 மில்லிகிராம்தான் தேவை. எங்க அம்மாவுக்கு வேண்டியது அதைப்போல 1800 மடங்கு. எலி சின்னது, அதனால் ஊசி போதும். அம்மா சின்னவங்க இல்லை. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மாத்திரை உடம்பு முழுக்கப் போய் எலும்புக்கும் கொஞ்சம் போகிறது. அதனால்தான் அவ்வளவு வேண்டியிருக்கிறது. நோய் இருக்கும் எலும்புக் குழியிலேயே உருண்டையை வைத்துவிட்டால்? வாய்க்காலில் விடாமல் செடிக்குச் செடி சொட்டு நீர்க் குழாய் போடுகிற மாதிரி. அப்போது கொஞ்சம் மருந்தே போதும், கடைமடைக்கும் கிடைத்துவிடும். எலும்பு நோய்க்கு நுண்ணுருண்டை செய்கிறவர்கள் எல்லோரும் யோசிப்பது இதைத்தான்.

இந்த யோசனையும் பழசு! 1892-ல் ஜெர்மனியில் ட்ரீஸ்மன் என்ற டாக்டர், காசநோய் அரித்த எலும்புக் குழியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைத்தார். சும்மா அடைக்கவில்லை. கிருமியைக் கொல்ல அதில் கார்பாலிக் அமிலத்தைக் கலந்து அடைத்தார். பிளாஸ்டர் உடம்பில் மெல்லக் கரையும், மருந்தும் கூடவே வரும். காசநோய்க்கு ஒரு மாத்திரைகூட இல்லாத காலம் அது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஜிப்சத்திலிருந்து. போன வருடம் சாத்தனூர் கல்மரம் பார்த்துவிட்டுக் காரைக்குப் போனோமே, அந்தச் செம்மண் ஓடைப் பள்ளத்தில் பளபளவென்று கண்ணாடிச் சில்லு கிடக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டோமே, அதுதான் ஜிப்சம். அதைச் சூடாக்கித் தண்ணீரை விரட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஒரு காலத்தில் கடலாக இருந்த நம்ம மாவட்டத்து மண்ணில் எலும்புக்கு மருந்து வைக்கிற சாமான் கிடக்கிறது. என்னிடம் நாலு சில்லு இருக்கு. பார்க்க விரும்புகிறவர்கள் கேட்கலாம், திருப்பித் தர வேண்டும்.

அதற்கப்புறம் 1970-களில், மறுபடி ஜெர்மனியில்தான், எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கு மருந்து கலந்த பாசிமணி மாதிரி மணிகளைக் கம்பியில் கோத்து எலும்புக்குள் வைத்தார்கள். அது கரையாத பிளாஸ்டிக். மருந்து தீர்ந்ததும் வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன். இப்போது சீழ் பிடித்த எலும்புக்கு மருந்து கலந்த கால்சியம் சல்பேட் மணிகளைப் பல ஆஸ்பத்திரிகளில் வைக்கிறார்கள். சில வாரத்தில் தானாகக் கரைந்துவிடும். கால்சியம் சல்பேட் என்றால் சாட்சாத் நம்ம ஜிப்சம் ஜாதிதான்.

கரையும்போது சும்மா கரைந்து போகாமல், போகிற இடத்தில் எலும்பு வளரவும் உதவினால் இன்னும் நல்லது இல்லையா? அதற்கு உருண்டையையே எலும்பின் பொருளால் செய்ய வேண்டும். நம் எலும்பின் கெட்டித்தன்மைக்குக் காரணம் ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.எஸ். சம்பத்குமார் குழு இதை எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். முட்டை ஓடு! ஓட்டைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு மாதிரி ஆகும். அதைப் பாஸ்பேட்டோடு சேர்த்து மைக்ரோவேவில் வைத்தால் எலும்பின் பொருள். இது 2007-ல் வெளிவந்தது. நம் சத்துணவில் போடுகிற முட்டையின் ஓட்டைக் கூடையில் கொட்டுகிறோமே, நான் இப்போது அந்தக் கூடையை வேறு மாதிரி பார்க்கிறேன்.

அதே குழு 2008-ல் கால்சியம் பாஸ்பேட்டாலேயே நுண்ணுருண்டைகள் செய்து, அதில் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றி, எப்படி வெளிவருகிறது என்று அளந்து எழுதியது. இது ஆய்வகத்தில் செய்தது. காசநோய் மருந்து இல்லை. எலும்புக் காசநோய்க்கென்றே ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஏற்றிய கரையும் பொருள்களைச் சீனாவில் முயல்களின் எலும்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். கணக்குப் போட்ட இடத்தில், "அம்புட்டும் ஊசியா!" என்றார்கள். முட்டை ஓட்டு இடத்தில் அப்பாயி, "கோழி வளக்குறவளுக்கு எலும்பு நோவே வராதுன்னு சொல்லு" என்று குறுக்கே பேசினாங்க. நான் அப்படி எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் அம்மா, "ஆக, எனக்கு இப்ப அது கிடையாது?" என்று கேட்டார்கள்.

"கிடையாதும்மா. இன்னும் எலி, முயலோட நிக்குது. அதுவும் எலும்புக்குள்ள வைக்கணும்னா ஆபரேஷன் பண்ணித்தான் வைக்கணும். உனக்கு ஆபரேஷனே வேண்டாம்னுதான் டாக்டர் சொல்லிட்டாரே."

"அப்ப மாத்திரைதான்."

"மாத்திரைதான்."

அம்மா இப்போது 47 கிலோ. முண்டு முழுசாகப் போகவில்லை, அது அப்படியேதான் இருக்குமாம், இனி கூடாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர். கால் நன்றாக இருக்கிறது. பாரம் தூக்கக் கூடாது. இன்றைக்கு 271-வது நாள். இன்னும் 94 நாள், 282 மாத்திரை. காலையில் நான் பக்கத்தில் நின்று, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் டிக் போடுகிறேன். பவுடர் டப்பாவில் இப்போது காரை ஜிப்சம் இருக்கிறது.



ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ரஞ்சன்குடி.

(இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவது, விடாத முதுகுவலி யார் வீட்டிலாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். சோதனைக்குக் காசு கிடையாது. நாங்கள் ஐந்து மாதம் தைலம் தேய்த்தோம்.)